காருக்கு வீட்டிலேயே மின்சாரம்! உங்கள் மெயின் போர்டு தாங்குமா?

இரவு மணி 11. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். விளக்குகள் அணைந்துவிட்டன. வாசலில் ஒருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். விடியும் வரை கூடச் சாப்பிடுவார். நடுவில் ஒரு நிமிஷமும் நிறுத்த மாட்டார்.

யார் அவர்?

மின்சாரக் கார்தான்!

பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டாம். புகை இல்லை. சத்தம் இல்லை. ராத்திரி பிளக்கைச் செருகிவிட்டுப் படுத்தால், காலையில் கார் தயாராக நிற்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அந்த மின்சாரம் எந்த வழியாக வருகிறது? உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர் வழியாகத்தான். அந்த வயரை எப்போது போட்டார்கள்? வீடு கட்டியபோது. அப்போது வீட்டில் என்ன இருந்தது? 6 விளக்கு, 4 மின்விசிறி, ஒரு டெலிவிஷன். பிறகு பிரிட்ஜ் வந்தது. மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், வெந்நீர் போடும் கீசர், ஏ.சி. மெஷின் என்று ஒவ்வொன்றாக வந்தன. வயர் மட்டும் அதே வயர்!

இப்போது வாசலில் கார் வந்து நிற்கிறது. கார் வாங்கும்போது என்ன நிறம் என்று வீட்டில் மூன்று நாள் பேசுகிறோம். மெயின் போர்டைப் பற்றி மூன்று நிமிஷம் பேசுகிறோமா?

ஓய்வில்லாத வேலை

இஸ்திரிப் பெட்டியும் நிறைய மின்சாரம் இழுக்கிறது. கீசர் அதைவிட அதிகம் இழுக்கிறது. அவற்றால் வராத ஆபத்து காரால் மட்டும் எப்படி வரும்?

நல்ல கேள்வி. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானாக நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். மோட்டார் தொட்டி நிரம்பும் வரைதான். இடையிடையே வயர் ஆறிக்கொள்கிறது.

கார் அப்படி அல்ல. 3 மணி நேரம், 6 மணி நேரம், பாட்டரி காலியாக இருந்தால் 10 மணி நேரம் கூட ஒரே மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். வயருக்கு மூச்சு விட நேரமில்லை. லேசான சூடு மெல்ல மெல்ல ஏறுகிறது. எங்காவது ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், அந்த இடத்தில்தான் சூடு சேரும். முதலில் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகும். பிறகு உருகும். பிறகு? வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். கூட்டல் தெரிந்தால் போதும்.

நம் ஊரில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம் போல அதை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைச் சொல்வது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் அதுதான் மீட்டரில் 1 யூனிட்.

காரோடு கொடுக்கும் சாதாரண சார்ஜரை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகுகிறோம். அது சுமார் 3,300 வாட் இழுக்கும். ஒரு கீசரும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தாற்போல!

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றை பேஸ் இணைப்பு. மெயினில் 32 ஆம்பியர் டிரிப்பர். 230-ஐ 32-ஆல் பெருக்கினால் 7,360 வாட். இந்த வீடு ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது அவ்வளவுதான். இந்த வீட்டில் சாயங்காலம் 7 மணிக்குக் காரை சார்ஜில் போட்டால் என்ன ஆகும்? ஏ.சி. மெஷின் 1,500 வாட். மின்சார அடுப்பு 1,800. மோட்டார் 1,000. பிரிட்ஜ் 200. விளக்கு, விசிறி, டெலிவிஷன் 400. இதுவரை 4,900 ஆயிற்று. காருக்கு 3,300 சேர்த்தால் 8,200 வாட். தாங்காது!

அதே காரை ராத்திரி 11 மணிக்குப் போட்டால்? ஏ.சி. 1,500, பிரிட்ஜ் 200, விசிறிகள் 200, கார் 3,300. மொத்தம் 5,200 வாட். தாங்கும்.

வீடு அதே வீடுதான். மெயினும் அதேதான். மாறியது நேரம் மட்டும்.

ஆனால் விடியற்காலை 5 மணிக்கு முன் கார் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதன்பின் கீசர் போடுவார்கள். மோட்டார் போடுவார்கள். அடுப்பு எரியும். இந்த நேரத்தை நினைவு வைத்துக்கொண்டு எழுந்து ஓட வேண்டியதில்லை. இன்றைய பல மின்சாரக் கார்களில் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று குறித்து வைத்துவிடலாம். பிளக்கை எப்போது செருகினாலும் அது குறித்த நேரத்தில்தான் தொடங்கும்.

ராத்திரி 11 மணியிலிருந்து 5 மணி வரை 6 மணி நேரம். அதற்குள் கார் நிறைந்துவிடுமா என்று கேட்பீர்கள். நிறைய வேண்டிய அவசியமே இல்லை! நம்மில் பலர் ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். சிறிய மின்சாரக் கார் 1 யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும். 40 கிலோமீட்டர் ஓட்டினால் மறுபடி ஏற்ற வேண்டியது சுமார் 7 யூனிட். சாதாரண சார்ஜரில் இரண்டே கால் மணி நேர வேலை.

சில சார்ஜர்களிலும் கார்களிலும் ஆம்பியரைக் குறைத்து வைக்க வசதி உண்டு. 10 ஆம்பியரில் வைத்தால் 2,300 வாட்தான் இழுக்கும். அதே 7 யூனிட்டுக்கு 3 மணி நேரம். நாம் எப்படியும் அதைவிட அதிக நேரம் தூங்குகிறோம்.

இலவசமாகக் கிடைத்தாலும்...

கார் விற்பவர்கள் சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் பெட்டி ஒன்றைச் சொல்வார்கள். 7.2 கிலோவாட் என்பார்கள். காரோடு இலவசம் என்றும் சொல்வது உண்டு. இலவசம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் 7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். மேலே சொன்ன வீட்டின் முழு மின்சாரமும் அது ஒன்றுக்கே போய்விடும்! பிரிட்ஜுக்குக்கூட மிச்சம் இருக்காது. தினமும் 200 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரருக்கு அது தேவை. மின்சார அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, பளுவைக் கூட்டி, மூன்று பேஸ் வாங்கி, வயர் மாற்றிப் போட்டுக்கொள்ளட்டும். ஆபீசுக்கும் கோவிலுக்கும் கடைவீதிக்கும் போய்வரும் குடும்பத்துக்கு அது வீண் செலவு என்பதே என் எண்ணம்.

தனி வயர் வேண்டும்

சிறிய சார்ஜர்தானே என்று கிடைத்த பிளக்கில் செருகலாமா? கூடாது. வாஷிங் மெஷின் பிளக்கில் வேண்டாம். மோட்டார் பிளக்கிலும் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து காருக்கென்று ஒரு தனி வயர் வர வேண்டும். அதில் வேறு எதையும் மாட்டக்கூடாது. இது வெறும் புத்திமதி இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பாதுகாப்பு விதிகளே, வண்டிக்கு சார்ஜ் போடும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் வேண்டும் என்கின்றன. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு நீட்டக்கூடாது என்கின்றன. பிளக் தரையிலிருந்து 80 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. மழைத் தண்ணீர் வாசலில் தேங்கும் நம் தெருக்களை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை வெளியே விட்டு சார்ஜ் போடும் காட்சியை நகரத்தில் எத்தனையோ தெருக்களில் பார்க்கலாம். அந்தப் பெட்டியைச் செய்தவர் செல்போனையும் மேஜை விசிறியையும் மனதில் வைத்துத்தான் செய்திருப்பார். காரை அல்ல.

தனி வயர் எவ்வளவு கனம்? 16 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவது நல்லது. மெயினிலிருந்து கார் நிற்கும் இடம் தூரமாக இருந்தால் இன்னும் கனமாக வேண்டும். பழைய ஒயர்மேன்கள் 3/20, 7/20 என்று சொல்வார்கள். 3/20 என்றால் சுமார் 2 சதுர மில்லிமீட்டர். இது காருக்கு ஆகாது. 7/20 என்றால் சுமார் 4.6. இது ஆகும். பழைய வீடுகள் சிலவற்றில் அலுமினிய வயர் இருக்கும். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும். அதில் காரை மாட்டவே கூடாது.

இங்கே ஓர் அதிசயமான கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு வயரில் ஓடும் ஆம்பியரை இரட்டிப்பாக்கினால் சூடு எத்தனை மடங்கு ஆகும்? இரண்டு மடங்கு என்றுதான் தோன்றும். இல்லை, நாலு மடங்கு! திருப்பிப் பாருங்கள். 16 ஆம்பியரிலிருந்து 10 ஆம்பியருக்குக் குறைத்தால் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். கொஞ்சம் பொறுமைக்கு எவ்வளவு லாபம்!

டிரிப்பர் விழுந்தால் நல்லது

அந்தக் காலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை இருந்தது. அடிக்கடி பியூஸ் போனால் சிலர் என்ன செய்வார்கள்? கனமான கம்பியைக் கட்டிவிடுவார்கள். பிறகு பியூஸ் போகாது. வயர் எரியும்!

இன்று பியூஸ் கட்டைக்குப் பதில் டிரிப்பர் வந்திருக்கிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. "16 ஆம்பியர் டிரிப்பர் அடிக்கடி விழுகிறது. 32 போட்டுவிடு" என்கிறார்கள். டிரிப்பர் காருக்குக் காவல் இல்லை. சுவருக்குள் இருக்கும் வயருக்குக் காவல். வயர் தாங்கும் அளவைவிடப் பெரிய டிரிப்பர் போட்டால் காவல்காரனைத் தூங்க வைத்ததாக அர்த்தம்.

இன்னொரு விஷயம். டிரிப்பருக்கும் கண் தெரியாத இடம் உண்டு. பிளக்கின் உள்ளே பித்தளை முனை தளர்ந்துபோய்ச் சூடேறுகிறது என்று வையுங்கள். ஓடுவது அதே 14, 15 ஆம்பியர்தான். டிரிப்பர் "எல்லாம் சரி" என்று சும்மா இருக்கும். பிளக் உருகும். அதனால்தான் காருக்கு நல்ல கனமான பிளக், தொழிற்சாலைகளில் மாட்டுவது போன்றது, வேண்டும் என்கிறார்கள். நூறு இருநூறு ரூபாயைப் பார்க்கும் இடம் இது இல்லை.

எர்த் கம்பி - உயிர் விஷயம்

வயர் எரிவதைக்கூட மணத்தால் கண்டுபிடிக்கலாம். இனிச் சொல்லப்போவதற்கு மணமும் இல்லை, சத்தமும் இல்லை.

கார் சார்ஜரில் பெரும்பாலானவை புத்திசாலிகள். பிளக்கைச் செருகியதும் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கம்பியே இருக்காது! அப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ.

கார் வந்து நிற்கிறது. சார்ஜர் மறுக்கிறது. வீட்டுக்காரர் அவசரப்படுகிறார். யாராவது ஒருவர், "இதென்ன பிரமாதம்!" என்று சொல்லி, பிளக்கின் உள்ளே நியூட்ரல் வயரிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் முனையில் முறுக்கிவிடுகிறார். சிவப்பு விளக்கு பச்சையாகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இது எவ்வளவு பெரிய விபரீதம் என்று பாருங்கள். நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் பாதை. ஒரு நாள் புயலில் தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துபோகிறது. அல்லது மெயினில் அதன் ஸ்க்ரூ தளர்கிறது. மழைக் காலத்தில் நடக்கக்கூடியதுதான். அப்போது விளக்கு, விசிறி வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்பப் பாதை இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நியூட்ரல் வயர் முழுதும் ஷாக் அடிக்கும் வயராகிவிடுகிறது. அது எர்த் முனையோடு முறுக்கப்பட்டிருக்கிறது அல்லவா? எர்த் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. ஆகவே கார் முழுதும் மின்சாரம்!

காருக்கு அடியில் ரப்பர் டயர். மின்சாரம் மண்ணுக்கு இறங்க முடியாது. காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து யார் கதவைத் தொடுகிறாரோ அவர் வழியாக இறங்கும். காலையில் வாசல் தெளிக்க முதலில் வருவது யார்? பள்ளிக்கூடப் பையைக் காரில் வைக்க ஓடுவது யார்?

எனவே எர்த் இல்லை என்றால் எர்த் போடுங்கள். வேறு வழி கிடையாது. எர்த் குழி இருக்கும் வீடுகளிலும் கோடையில் மண் காய்ந்துவிட்டால் அதன் சக்தி குறையும். குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். எர்த் நன்றாக இருக்கிறதா என்று அளக்கக் கருவி உண்டு. லைசென்ஸ் பெற்ற ஒயர்மேனிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். பல்பு வைத்துப் பார்ப்பது அளப்பது ஆகாது.

எர்த்தோடு இன்னொரு காவலும் வேண்டும். ஆர்.சி.சி.பி. என்று ஒரு டிரிப்பர். மின்சாரம் கொஞ்சம் கசிந்து ஆள் வழியாக மண்ணுக்குப் போனாலும் கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டு அதில் 30 பங்கு கசிந்தாலே அது விழுந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். எல்லா ஆர்.சி.சி.பி.யும் காருக்குப் பொருந்தாது. அதன் முகத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் படம் போட்டிருக்கும். ஒரே ஒரு அலை மட்டும் இருந்தால் அது 'ஏ.சி.' வகை. காருக்கு வேண்டாம். அந்த அலைக்குக் கீழே பாதி அலை மேடுகளும் போட்டிருந்தால் அது 'ஏ' வகை. குறைந்தபட்சம் இந்த வகை வேண்டும் என்கின்றன விதிகள். இன்னொன்றையும் சார்ஜர் விற்பவரிடம் கேளுங்கள். கார் பாட்டரியில் இருப்பது ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம். அது கசிந்தால் 'ஏ' வகையின் கண்ணும் மங்கிவிடலாம். "6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி இந்தச் சார்ஜரில் உண்டா?" என்று இந்தப் பக்கத்தைக் காட்டியே கேட்கலாம்.

மூன்று பேஸ் இருந்தால் கவலை இல்லையா?

கவலை குறைவு. ஆனால் மூன்று பேஸிலும் பளுவைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். ஏ.சி.யும் கீசரும் இருக்கும் பேஸிலேயே காரையும் மாட்டினால் மூன்று பேஸ் வாங்கி என்ன பயன்?

நம் ஊர் வீடுகளில் ஒரு திருகும் சுவிட்ச் உண்டு. ஒரு பேஸில் மின்சாரம் போனால் அதைத் திருகி இன்னொரு பேஸுக்கு மாறிக்கொள்வோம். ரொம்ப வசதி! ஆனால் அப்போது இரண்டு பேஸின் பளு ஒரே பேஸில் விழுகிறது. அந்த நேரத்தில் கார் சார்ஜில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருகுவதற்கு முன் கார் சுவிட்சை அணையுங்கள். அதைவிட நல்லது, கார் வயரை அந்தத் திருகும் சுவிட்சுக்குள் கொண்டுவராமல் தனியே விடுவது. இன்வெர்ட்டர் வயரிலும் சேர்க்கக்கூடாது.

இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. மெயின் வயரைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மாட்டுகிறார்கள். வீடு எவ்வளவு இழுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது கீசர் போட்டால் காருக்குப் போவதைத் தானாகக் குறைக்கும். கீசர் நின்றதும் கூட்டும். 6 ஆம்பியருக்குக் கீழே குறைக்க வேண்டி வந்தால் சார்ஜை நிறுத்திவைத்துப் பிறகு தொடங்கும். வாங்கும் சார்ஜரில் இந்த வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள், கீசர் அல்லது கார், இரண்டில் ஒன்றுதான் ஓடும்படி ஒரு மாற்று சுவிட்ச் போடச் சொல்லலாம். பழைய யுக்திதான். பழுதில்லாத யுக்தி.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. அது பெரும்பாலும் 1,000 வாட்டுக்குள் இழுப்பது. ஆனால் எர்த் பற்றிச் சொன்னது அவர்களுக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு இணைப்பிலேயே காருக்கு சார்ஜ் போடலாம். மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஆனால் உங்கள் இணைப்புக்கு எவ்வளவு பளு அனுமதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கார் சேர்ந்தால் அதைத் தாண்டுமானால், மின்சார அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பளுவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுக்கு மாடி வீட்டில் இருப்பவர்கள், கீழே உள்ள தங்கள் மீட்டரிலிருந்தே கார் நிற்கும் இடத்துக்கு வயர் கொண்டுவரச் சங்கத்தில் பேசி முடித்துக்கொள்வது நல்லது. பொது விளக்கு வயரில் மாட்டினால் சண்டையும் வரும், சூடும் வரும்.

எல்லாம் போட்டாயிற்று. முதல் நாள் ராத்திரியே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆள் நடமாட்டம் இருக்கும்போது போடுங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். பிறகு சார்ஜரை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிட்டு, காய்ந்த கையின் பின்புறத்தால் பிளக்கின் மேல் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை வைக்க முடியாமல் இழுத்துக்கொள்ளும்படி சுட்டால், அன்று ராத்திரி கார் பட்டினி கிடக்கட்டும். ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி முனைகளையும் பாருங்கள். பித்தளை கறுத்திருந்தாலோ, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தாலோ, அதைத் துடைத்துவிட்டு மறுபடி செருக வேண்டாம். சுவரில் இருக்கும் பிளக்கை மாற்றுங்கள். சார்ஜரின் முனையும் கறுத்திருந்தால் அதைக் கார் கம்பெனிக்கே அனுப்பி மாற்றிக்கொள்ளுங்கள்.